டார்ச்சில் புது எல்இடி: கழற்றுவது முதல் எரியவைப்பது வரை

டார்ச் லைட்டில் வெளிச்சம் போதவில்லை என்றால் பழைய எல்இடியை எடுத்துவிட்டுப் பெரிய எல்இடியை வைத்தால் போதும் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். மாற்றி முடித்தபிறகு, முன்னால் எரிந்ததே தேவலை என்று சலித்துக்கொள்வதும் உண்டு. எல்இடி எவ்வளவு வெளிச்சம் தரும் என்பதை அதற்குள் ஓடும் மின்னோட்டம்தான் முடிவுசெய்கிறது. அந்த மின்னோட்டத்தை அளந்து விடும் சின்ன போர்டைத்தான் டிரைவர் என்பார்கள். பழைய டிரைவர் 1 ஆம்பியருக்கு மேல் விடாது என்றால், 3 ஆம்பியர் தாங்கும் எல்இடியை வைத்தாலும் 1 ஆம்பியருக்கு உண்டான வெளிச்சம்தான் வரும். சரி, டிரைவரையும் மாற்றி மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடு கூடும். அந்தச் சூடு வெளியேற வழியில்லையென்றால் புது எல்இடி நீலம் பாய்ந்து, மங்கி, கடைசியில் செத்துப்போகும். அதனால் இந்த வழிகாட்டியில் எல்இடியைவிட டிரைவருக்கும் சூட்டுக்கும்தான் இடம் அதிகம்.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: எவ்வளவு கூட்டினால் கண்ணுக்குத் தெரியும்? வெளிச்சம் இருமடங்கானால் கண்ணுக்கு அது இருமடங்காகத் தெரியாது. அப்படித் தோன்றவேண்டுமென்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும். 20 சதவீதம் கூடுகிற மாற்றத்துக்காக நல்ல டார்ச்சைப் பிரிப்பது வீண்வேலை.

எந்த டார்ச்சில் செய்யலாம்

ஒரு 18650 செல்லில் எரிகிற, அலுமினிய உடம்பு கொண்ட, தலைப்பகுதி திருகிக் கழலுகிற டார்ச்தான் இதற்குத் தோது. 18650 என்பது 18 மிமீ விட்டமும் 65 மிமீ நீளமும் கொண்ட லித்தியம் செல். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் வரிசையாக இருக்குமே, அதேதான். கான்வாய் எஸ்2+ இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் பெயர்பெற்ற டார்ச். அதற்குள் 17 மிமீ டிரைவரும் 16 மிமீ எல்இடி பலகையும் உட்காரும். இரண்டுமே தனியாக விலைக்குக் கிடைக்கிற அளவுகள். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த மாதிரி டார்ச்சை மனத்தில் வைத்துத்தான். மற்ற அலுமினிய டார்ச்களுக்கும் முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும்.

லென்ஸை முன்னும் பின்னும் இழுத்து ஃபோகஸ் செய்கிற ஜூம் டார்ச்களில் எல்இடியின் அடியில் பெரும்பாலும் மெல்லிய தகடும் வெற்றிடமும்தான் இருக்கும். அதில் 1 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ராத்திரியில் மோட்டார் போடப் போகிறவர்கள் கையில் அதிகம் இருப்பது வேறு ரகம்: பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, பின்பக்கம் சுவர் பிளக்கில் நேராகச் செருகும் இரண்டு பின். இதைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இவற்றில் பலவற்றில் சார்ஜிங்குக்கு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட்டை ஒரு கெப்பாசிட்டர் வழியாகவே இறக்குகிறார்கள். பிளக்கில் இருக்கும்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் மெயின் கரண்டைத் தொட்ட மாதிரிதான். பிளக்கிலிருந்து எடுத்தபிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ் கையை உதறவைக்கும்.

பிரிக்கும் முன் அளந்துவிடுங்கள்

இப்போது எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். டார்ச்சின் வால்மூடியைக் கழற்றினால் செல்லின் மைனஸ் முனை தெரியும். ஒரு முள்ளை அந்த முனையிலும் இன்னொன்றைக் குழாயின் விளிம்பில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். வால்மூடியில் இருக்கும் சுவிட்ச் செய்யும் வேலையை இப்போது மீட்டர் செய்கிறது. டார்ச் எரியும், மீட்டரில் ஆம்பியர் தெரியும். பத்து நொடிக்குள் எடுத்துவிடுங்கள், பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ் இருக்காது. மீட்டரோடு வரும் மெல்லிய வயர்களே கொஞ்சம் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும் என்பதால் உண்மையான அளவு காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்குத் திருப்பிவிட மறக்கவேண்டாம். ஆம்பியர் துளையிலேயே வைத்துக்கொண்டு பேட்டரி வோல்ட்டேஜ் பார்த்தால் அது நேர் ஷார்ட்.

முழு சார்ஜில் இருக்கும் நல்ல செல்லில் 0.7, 1 ஆம்பியர் என்று வந்தால் மாற்றிப் பலன் உண்டு. ஏற்கெனவே 2.8 என்று வந்தால் டிரைவரை விட்டுவிடுங்கள். எல்இடியை மட்டும் மாற்றி, ஒளியின் நிறத்தையும் தரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

எந்த எல்இடி

வெள்ளை எல்இடியின் நடுவே மஞ்சளாக ஒரு சதுரம் தெரிகிறதல்லவா, அதன் அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் அந்த நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பிரகாசமான நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

ஒரு 18650 செல்லுக்கு வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது வோல்ட்டேஜ். செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட், வேலையில் இருக்கும்போது பெரும்பாலும் 3.6 அருகே. 3 வோல்ட் ரக எல்இடிதான் இதற்குப் பொருந்தும். க்ரீ எக்ஸ்எம்-எல்2, லூமினஸ் எஸ்எஸ்டி-20, எஸ்எஸ்டி-40, சாம்சங் எல்ஹெச்351டி, நிச்சியா 219 எல்லாம் இந்த ரகம். க்ரீயின் எக்ஸ்ஹெச்பி50 மாதிரி நான்கு சில்லு வைத்தவை 6 அல்லது 12 வோல்ட்டில் எரிபவை. பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கிவந்து ஒற்றைச் செல்லும் சாதாரண டிரைவரும் கொண்ட டார்ச்சில் வைத்தால் எரியாது.

அடுத்தது அளவு. எஸ்எஸ்டி-20, எல்ஹெச்351டி போன்றவை சுமார் 3.5 மிமீ சதுரம். எக்ஸ்எம்-எல்2, எஸ்எஸ்டி-40 போன்றவை 5 மிமீ சதுரம். இரண்டுக்கும் பலகையில் உள்ள சால்டர் தடங்கள் வேறு, ரிஃப்ளெக்டரை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் வளையமும் வேறு. எல்இடியோடு சேர்த்து அந்த வளையத்தையும் வாங்கிவிடுங்கள். சில ரூபாய் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் வேலை நின்றுபோகும்.

தூரம் அடிக்கவேண்டுமா, அகலமாகப் பரவவேண்டுமா என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிஃப்ளெக்டர் அதேதான் என்றால், ஒளிக்கற்றை எவ்வளவு தூரம் போகும் என்பது எல்இடியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைப் பொறுத்தது, மொத்த வெளிச்சத்தைப் பொறுத்தது இல்லை. 4 சதுர மிமீ ஒளிரும் பரப்பு கொண்ட எஸ்எஸ்டி-40 வீட்டு முற்றத்தையே நிரப்பும். 2 சதுர மிமீ கொண்ட எஸ்எஸ்டி-20 அதே மின்னோட்டத்தில் மொத்த வெளிச்சம் குறைவாகத் தந்தாலும் தென்னை உச்சிவரை கூர்மையாகப் போகும். டார்ச் பெட்டிகளில் போடும் தூரக் கணக்கு, வெளிச்சம் 0.25 லக்ஸாக, அதாவது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளி அளவுக்குக் குறையும் தூரம். கற்றையின் நடுப்பகுதி எவ்வளவு செறிவானது என்பதைக் கேண்டிலாவில் சொல்வார்கள். 10,000 கேண்டிலா என்றால் 200 மீட்டர். அதை 400 மீட்டராக்க 40,000 கேண்டிலா வேண்டும்.

நிறம் உங்கள் விருப்பம். 6500 கெல்வின் நீலச்சாயல் கொண்ட வெள்ளை. மொத்த வெளிச்சத்தைச் சொல்லும் லூமன் எண்ணிக்கையில் அது கொஞ்சம் முன்னால் நிற்கும். வரப்பில் நடக்கவும் வீட்டு வேலைக்கும் என்றால் 4000 முதல் 5000 கெல்வினுக்குள், பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான நிறத்தரம் (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்இடியைத்தான் சொல்வேன். காய்ந்த சருகுக்கும் அதன்மேல் கிடக்கும் பழுப்புப் பாம்புக்கும் வித்தியாசம் அதில் சட்டென்று தெரியும். வயர்களின் நிறமும் குழம்பாது. இதற்காக விட்டுக்கொடுக்கும் லூமன் கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

எல்இடியைத் தனியாக வாங்காமல், செப்புப் பலகையில் ஏற்றியதாக வாங்குங்கள். இதை ஸ்டார் என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 1 வாட், 3 வாட் எல்இடிகள் பெரும்பாலும் 20 மிமீ அலுமினிய ஸ்டாரில் வரும். அதில் எல்இடிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு மின்காப்பு அடுக்கு உண்டு. சூட்டுக்கு அதுவே தடை. எல்இடியின் நடுத்தடம் நேரே செப்பில் சால்டர் ஆகும்படி செய்த ஸ்டார்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. 2 ஆம்பியருக்கு மேல் போகிறவர்கள் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவேண்டாம்.

டிரைவரும் மின்னோட்டமும்

ஒற்றைச் செல் டார்ச்களில் பரவலாக இருப்பது ஏஎம்சி7135 சில்லு வைத்த டிரைவர். ஒவ்வொரு சில்லும் 350 அல்லது 380 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. எத்தனை சில்லு பக்கம்பக்கமாக இருக்கிறதோ அத்தனை மடங்கு. 350 ரகத்தில் எட்டு இருந்தால் 2.8 ஆம்பியர், 380 ரகத்தில் எட்டு இருந்தால் 3.04. போர்டைப் பார்த்துச் சில்லுகளை எண்ணினாலே டார்ச்சின் யோக்கியதை தெரிந்துவிடும். மலிவு டார்ச்சில் சில்லே இல்லாமல் ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது.

3 ஆம்பியரில் எல்இடியின் மேல் ஏறக்குறைய 3.3 வோல்ட் விழும், ஆக 10 வாட். அதில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும். கைக்குள் அடங்கும் டார்ச்சுக்கு என் சிபாரிசு ஆறு சில்லு, அதாவது 2.1 ஆம்பியர். 2.8இலிருந்து 2.1க்கு இறங்கினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். சூடோ கால்பங்குக்கு மேல் குறையும், செல்லும் கூடுதல் நேரம் நிற்கும். எட்டுச் சில்லு போர்டே கையில் இருந்தால் இரண்டைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிடலாம். எந்தத் தடையும் இல்லாமல் 5 ஆம்பியருக்கு மேல் தள்ளும் டிரைவர்களும் விற்கின்றன. முதல் தடவை செய்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

தேவையான சாமான்கள்

60 வாட் சால்டரிங் அயர்ன் வேண்டும். மொபைல் போர்டுக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் செப்பு ஸ்டாரில் தோற்றுவிடும், வைத்த சூட்டையெல்லாம் செப்பு உறிஞ்சிக்கொள்ளும். 63/37 ஈயம், ஃப்ளக்ஸ், சிலிகான் உறை போட்ட 22 அல்லது 24 கேஜ் வயர், கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் போடும் தெர்மல் பேஸ்ட், கூர்முனை ட்வீசர், ஐசோபுரோபைல் ஆல்கஹால், 600, 1000 நம்பர் உப்புத்தாள், சூடு தாங்கும் காப்டான் டேப், மல்டிமீட்டர். அப்புறம் ஒரு துண்டு பழைய சைக்கிள் ட்யூப், அது எதற்கென்று முதல் படியிலேயே தெரியும்.

முதல் படி: பிரிப்பது

செல்லை எடுத்துத் தள்ளி வையுங்கள். தலைப்பகுதியில் ட்யூப்பைச் சுற்றிப் பிடித்துத் திருகினால் வழுக்காமல் கழலும். வரவில்லையென்றால் உள்ளே பசை போட்டிருப்பார்கள். மூட்டுப்பகுதியை ஹேர் டிரையரால் நன்றாகச் சூடாக்கி மறுபடி முயலுங்கள். பிளேயரை நேராக வைத்தால் பல் பதிந்துவிடும், ட்யூப்பின் மேலேயே வையுங்கள்.

முன்வளையம் கழன்றதும் கண்ணாடி, ரப்பர் ஓ-ரிங், ரிஃப்ளெக்டர் என்று வரிசையாக வரும். வந்த வரிசையிலேயே ஒரு துணியில் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்டரின் உட்பக்கத்தில் விரலும் துணியும் படக்கூடாது. அந்தப் பளபளப்பான பூச்சு மிக மெல்லியது, ஒருமுறை கீறினால் கீறியதுதான். தூசு இருந்தால் ஊதிவிடுங்கள்.

எல்இடியும் டிரைவரும் உட்காரும் உலோகக் கிண்ணத்தைப் பில் என்பார்கள். சில டார்ச்களில் அது தனியாகக் கழலும், சிலவற்றில் தலையோடு ஒரே உலோகம். பில்லின் அடியில் இரண்டு சிறு குழிகள் உள்ள வளையம் தெரிந்தால் சர்க்ளிப் பிளேயரால் திருகி எடுக்கலாம். டிரைவரை ஓரத்தில் இரண்டு இடத்தில் சால்டர் வைத்துப் பிடித்திருந்தால் அதை உருக்கியபிறகுதான் எடுக்கவேண்டும், நெம்பினால் போர்டு உடையும்.

இரண்டாம் படி: பழையதை எடுப்பது

ஸ்டாரில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் இருக்கும். எது பிளஸ், எது மைனஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், மலிவு டார்ச்களில் இரண்டுமே ஒரே நிறத்தில் வருவது உண்டு. அயர்னால் வயர்களை விடுவித்ததும் ஸ்டாரின் ஓரத்தில் மெல்லிய திருப்புளியைக் கொடுத்து மெதுவாகக் கிளப்புங்கள். பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

புது எல்இடி பலகை இல்லாமல் தனியாக வந்திருந்தால், ஸ்டாரைச் சூடாக்கி அதன்மேல் உருக்கி உட்காரவைக்கவேண்டும். ஒரு பழைய தோசைக்கல்லில் ஸ்டாரை வைத்து, தடங்களில் மெலிசாகச் சால்டர் பேஸ்ட் பூசி, எல்இடியைப் பிளஸ் மைனஸ் பார்த்து மேலே வையுங்கள். மெதுவாகச் சூடேற்றுங்கள். 63/37 ஈயம் 183 டிகிரியில் உருகும். உருகின கணமே எல்இடி தானாக நகர்ந்து தடத்தின் நடுவில் வந்து நிற்கும். ட்வீசரால் அதன் ஓரத்தை லேசாக அழுத்தினால் அதிகப்படி ஈயம் உருண்டையாகப் பக்கத்தில் வழியும். உடனே ஸ்டாரை ஒரு மரக்கட்டைக்கு மாற்றி அப்படியே ஆறவிடுங்கள். மேலே கண்ணாடி மாதிரி தெரியும் குமிழ் சிலிகான்தான், ட்வீசர் நுனி பட்டாலே கிழியும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள். அந்தத் தோசைக்கல் இனி சமையலறைக்குத் திரும்பக்கூடாது.

மூன்றாம் படி: சூட்டுக்கு வழி

செப்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 400 வாட் அருகில். நல்ல தெர்மல் பேஸ்ட்டுக்கு ஒற்றை இலக்கம்தான். காற்றுக்கு 0.03கூட இல்லை. இந்த மூன்று எண்களிலிருந்தே செய்யவேண்டியது புரிந்துவிடும்: உலோகம் உலோகத்தோடு நேராக ஒட்டவேண்டும், நடுவில் காற்று இருக்கக்கூடாது, பேஸ்ட்டுக்கு அந்த நுண்ணிய இடைவெளிகளை நிரப்பும் வேலை மட்டும்தான். தடிமனாக அப்பினால் நல்லது என்று நினைப்பது தலைகீழ்.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை வைத்து, ஸ்டாரின் அடிப்பக்கத்தை நீர்விட்டுத் தேயுங்கள். முதலில் 600, பிறகு 1000. நடுவில் மட்டும் பளபளத்தாலோ ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது சமதளமாக இல்லை என்று அர்த்தம். முழுவதும் ஒரே சீராகத் தெரியும்வரை தேய்க்கவேண்டும். எல்இடி ஏற்றிய ஸ்டாராக இருந்தால் குமிழை அழுத்தாமல் ஓரங்களைப் பிடித்துத் தேயுங்கள். பில்லின் மேல்தளத்தில் மேடு பள்ளம் இருந்தால் அதையும் சமன் செய்யுங்கள். துடைத்துக் காயவைத்தபிறகு ஓர் அரிசி அளவு பேஸ்ட் போதும்.

நான்காம் படி: வயர், சால்டர், ஷார்ட்

ஸ்டாரைப் பில்லில் ஒட்டியபிறகு சால்டர் வைக்கப் போனால் மொத்தப் பில்லும் சேர்ந்து சூட்டை இழுக்கும், ஈயம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். டிரைவரின் வயர்களை முதலில் பில்லின் துளைகள் வழியாக மேலே எடுங்கள். ஸ்டாரை ஒரு சிறு மரக்குச்சியின் மேல் தூக்கி நிறுத்தி, இரண்டு தடங்களிலும் முன்கூட்டியே ஈயம் பூசி, வயரைப் படுக்கைவாட்டில் வைத்துச் சால்டர் செய்யுங்கள். அப்புறம் குச்சியை எடுத்துவிட்டு, பேஸ்ட் தடவி, ஸ்டாரை அழுத்தி லேசாகத் திருப்பி உட்காரவையுங்கள்.

சால்டர் மேடு உயரமாக இருக்கக்கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். 7135 டிரைவரில் எல்இடியின் பிளஸ் வயர் பேட்டரியின் பிளஸ்ஸோடு நேராக இணைந்தது. டார்ச்சின் உடம்பு முழுக்கப் பேட்டரியின் மைனஸ். ரிஃப்ளெக்டர் அலுமினியம், அது உடம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் அடிவிளிம்பு பிளஸ் தடத்தில் உள்ள சால்டரைத் தொட்டால், லித்தியம் செல் நேரடியாக ஷார்ட் ஆகிறது. மூடிய குழாய்க்குள் அது நடப்பது விளையாட்டு இல்லை. மைனஸ் தடம் உடம்பைத் தொட்டால் அவ்வளவு பயங்கரம் கிடையாது, ஆனால் டிரைவரைத் தாண்டி மின்னோட்டம் ஓடும். எந்த மோடில் வைத்தாலும் டார்ச் முழு வெளிச்சத்தில் எரிந்து கொதிக்கும்.

எனவே மேட்டைத் தட்டையாக வையுங்கள், நடுநிறுத்தும் பிளாஸ்டிக் வளையத்தைத் தவறாமல் போடுங்கள், இரண்டு சால்டரின் மேலும் காப்டான் டேப் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் செல் இல்லாமல் முழுதாக மாட்டிவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து டிரைவரின் நடு ஸ்பிரிங்குக்கும் உடம்புக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பீப் என்று கேட்டால் செல்லைப் போடக்கூடாது.

எது பிளஸ் என்று சந்தேகம் வந்தால் 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் செல் ஒன்றை எல்இடியின் இரண்டு தடத்திலும் தொட்டுப் பாருங்கள். சரியான திசையில் மங்கலாக எரியும், தவறான திசையில் எரியாது.

ஸ்டாரைப் பிடித்து அழுத்த ரிஃப்ளெக்டரோ திருகாணியோ இல்லாத டார்ச்சில் தெர்மல் எபாக்சி போடவேண்டிவரும். அதைப் பிறகு பிரிப்பது கடினம் என்று தெரிந்தே போடுங்கள். ஃபெவிக்விக் மாதிரி உடனே ஒட்டும் பசையைத் தலைப்பகுதிக்குள் எங்கேயும் கொண்டுவராதீர்கள். அதன் ஆவி கண்ணாடியிலும் ரிஃப்ளெக்டரிலும் வெள்ளையாகப் படியும்.

ஐந்தாம் படி: ஸ்பிரிங்கும் சுவிட்சும்

2 ஆம்பியருக்கு மேல் போகும்போது சின்னச்சின்னத் தடைகள் பெரிதாகத் தெரியும். வாலில் உள்ள மெல்லிய எஃகு ஸ்பிரிங்கில் 0.1 ஓம் தடை இருந்தாலே 3 ஆம்பியரில் 0.3 வோல்ட் அங்கே காணாமல் போகும், ஸ்பிரிங்கும் சூடாகும். ஸ்பிரிங்கின் மேல்முனையிலிருந்து அடித்தகடுவரை உள்ளுக்குள் ஒரு மெல்லிய சிலிகான் வயரைச் சால்டர் செய்துவிடுங்கள். ஸ்பிரிங் அமுங்கும்போது அதுவும் மடங்க இடம் இருக்கவேண்டும். சுவிட்ச் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அதன் பக்கத்திலேயே சிலவற்றில் பொறித்திருக்கும். 1.5 என்று இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: எரியவைத்துப் பார்ப்பது

முதல் சோதனைக்குப் பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள செல்லையே போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் அது தானாகத் துண்டித்துக்கொள்ளும். குறைந்த மோடில் ஒரு நொடி, பிறகு நடு மோடு, பிறகு முழு வெளிச்சம். எல்இடியை நேராகப் பார்க்காதீர்கள், சுவரில் அடித்துப் பாருங்கள்.

முதலில் செய்ததுபோல் வால்பக்கம் மின்னோட்டத்தை அளந்து, சில்லுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு முழு வெளிச்சத்தில் ஐந்து நிமிடம் கையில் பிடியுங்கள். தலைப்பகுதி சீராகச் சூடேறுவது நல்ல அறிகுறி. 2 ஆம்பியருக்கு மேல் ஓடியும் உடம்பு ஜில்லென்று இருந்தால்தான் பயப்படவேண்டும், சூடு எல்இடியிலேயே தங்கிவிட்டது என்று பொருள். உடனே அணைத்து, பேஸ்ட்டையும் ஸ்டார் உட்கார்ந்த விதத்தையும் பாருங்கள். மறுபக்கம், கையில் பிடிக்கவே முடியாத சூடு வந்தால் சில்லுகளைக் குறைக்கவேண்டும்.

வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒளிவட்டத்தைப் பாருங்கள். நடுவில் இருட்டாக ஒரு பொட்டு தெரிந்தால் ரிஃப்ளெக்டரின் உயரம் பொருந்தவில்லை. வளையத்தின் தடிமனை மாற்றிப் பாருங்கள். மெல்லிய வளையம் கிடைக்காவிட்டால் இருப்பதையே உப்புத்தாளில் தேய்த்து இறக்கலாம். வட்டம் ஒருபக்கம் கோணினால் எல்இடி நடுவில் இல்லை. பேஸ்ட் ஈரமாக இருக்கும்போதே ஸ்டாரை நகர்த்திச் சரிசெய்துவிடுங்கள். எல்லாம் திருப்தியானபின் திருகு இழைகளைத் துடைத்து, ஓ-ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் தடவி மூடுங்கள்.

செல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

9800 எம்ஏஹெச் என்று அச்சிட்ட 18650 செல்லை நம்பாதீர்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் செல்கள் பெரும்பாலும் 2000க்கும் 3600க்கும் இடையில்தான் இருக்கும். எடை போட்டுப் பார்த்தால் நல்ல செல் 45 கிராமை ஒட்டி நிற்கும், போலி கையில் எடுத்தாலே லேசாக இருக்கும். 3000 எம்ஏஹெச் உள்ள நல்ல செல்லில் 2.8 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம், 2.1இல் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்களின் கொள்ளளவைச் சோதிக்கக் கருவி இல்லையென்றால் அவற்றைப் போடவேண்டாம். உறை கிழிந்த செல்லும் வேண்டாம், மேல்விளிம்பில் பிளஸ்ஸும் மைனஸும் ஒரு மிமீ இடைவெளியில்தான் இருக்கின்றன.

வீட்டில் பழைய இரும்பு டார்ச் இருந்தால்

பெரிய கட்டை இரண்டு போடும் டார்ச்சில் கிடைப்பது 3 வோல்ட், அதுவும் கொஞ்ச நாளில் இறங்கிவிடும். வெள்ளை எல்இடிக்கு அது போதாது, வோல்ட்டேஜைக் கூட்டித் தரும் சர்க்யூட் வேண்டும். பழைய பல்பு இருந்த இடத்திலேயே உட்காரும் எல்இடி பல்புகள் அந்தச் சர்க்யூட்டோடு சேர்ந்தே கிடைக்கின்றன, அதுதான் சுலபம். இழை பல்புக்குத் திசை கிடையாது, இதற்கு உண்டு. எரியவில்லையென்றால் கட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

மூன்று கட்டை டார்ச் என்றால் 4.5 வோல்ட் இருக்கிறது, ஒரு ரெசிஸ்டரே போதும். எல்இடிக்கு 3 வோல்ட் போக மிச்சம் 1.5. அதை 0.3 ஆம்பியரால் வகுத்தால் 5 ஓம். கடையில் கிடைப்பது 4.7 ஓம். அதில் அரை வாட் சூடாகும் என்பதால் 1 வாட் ரெசிஸ்டராக வாங்குங்கள்.

எரியவில்லை, சரியாக எரியவில்லை என்றால்

லேசாக மினுக்கி மினுக்கி எரிந்தால் முதலில் திருகு இழைகளையும் வால் வளையத்தையும் பாருங்கள், பத்தில் எட்டு தடவை அழுக்கோ தளர்வோதான். ஒரே மோடில் முழு வெளிச்சமாகவே நின்றால் எல்இடியின் மைனஸ் எங்கோ உடம்பைத் தொடுகிறது. ஆரம்பத்தில் பளிச்சென்று எரிந்து ஒரு நிமிடத்தில் மங்கினால் பேஸ்ட்டையோ செல்லையோ சந்தேகியுங்கள். வேறொரு நல்ல செல்லைப் போட்டும் அதே மாதிரி மங்கினால் செல் மேல் தவறில்லை. வெளிச்சம் நீலமாக மாறினால் எல்இடி அளவுக்கு மீறிச் சூடாகிறது, உடனே அணைத்துவிடுங்கள். ஒன்றுமே எரியாமல் வால் ஸ்பிரிங் மட்டும் சுட்டால் செல்லை எடுத்து வெளியே மண்ணிலோ சிமென்ட் தரையிலோ வைத்துவிட்டு, அது முழுதாக ஆறியபிறகு பிளஸ் சால்டரில் ஒட்டிய டேப்பைப் பிரித்துப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் விளிம்பின் தடம் அதில் பதிந்திருக்கும். அந்தச் செல்லைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.